ஏழாம் எண் கீழறை

கழற்றி எறிந்த கதவொன்றின் கீல்.
ஒரு மீட்டர் அலுமினியக் குழாய்.
கிட்டாரின் முதல் தந்தி, இருப்பதிலே மெல்லியது.
நுனியில் மூன்று கிலோ ஈயம்,
மீன்பிடிக் கடைக் குண்டுகளை உருக்கி
பால்மாப் பேணியில் ஊற்றியது.
உருக்கப் பல்கனிக்குப் போகச் சொன்னார் இவர்.
அந்தச் சட்டியை இன்றுவரை தொடுவதில்லை.

விஸ்பில், எங்கள் கட்டடத்துக்கு அடியில்,
போருக்கென்று கட்டிய கொங்கிறீற் அறை.
போர் வரவில்லை.
வைன் போத்தல்கள், பனிச்சறுக்குக் கட்டைகள்,
நத்தார் மரத்தின் இரும்புக் கால்.
நான் பங்கர் என்பேன்.
பராமரிப்பாளர் சென்ஹொய்சர்ன் திருத்துவார்: காப்பறை.
சரி, காப்பறை.
ஒரு சாண் தடித்த கதவுக்குள்
வேலை விட்டு வந்து குந்தியிருப்பேன்,
முதியோர் இல்லத்துச் சோப்பு இன்னும் கையில் மணக்க.

முதல் இரவே பெரும் நிலநடுக்கம்!
திரையின் இரு கரையையும் முட்டியது கோடு.
மூன்று மாடியும் ஓடி ஏறி இவரை எழுப்பினேன்.
தொலைக்காட்சியைப் போட்டார்.
உலகம் சும்மா இருந்தது.

காலையில் விளங்கியது.
இம்போடன் அம்மா, சலவை அட்டவணையில்
தன் முறை இல்லாத நாளில்,
அதுவும் பத்து மணிக்குப் பிறகு,
கம்பளி பிழிந்திருக்கிறாள்.
நான் யாரிடமும் சொல்லவில்லை.
எனக்குத் தெரியும் என்பது
எப்படியோ அவளுக்குத் தெரிந்துவிட்டது.
ஞாயிறு எங்கள் வாசலில் ஆப்ரிகொட் ஜாம்,
பெரிய போத்தல்.

அதற்குப் பிறகு கழிக்கத் தொடங்கினேன்.
ஐந்து பன்னிரண்டுக்குச் சரக்கு ரயில், கழி.
மின்தூக்கி, கழி.
இரண்டாம் மாடிப் பையன் கயிறு தாண்டுகிறான்,
நூற்றுப் பதின்மூன்றில் தடுக்குகிறான்,
திரும்ப ஒன்றிலிருந்து.
கதவிடுக்குக் காற்றுக்கு ஸ்டைரோஃபோம் பெட்டி.
சிலந்திக்கு ஒன்றும் செய்ய முடியவில்லை.
அது தந்தியில் நடந்த இரவை
தேதி போட்டு வைத்திருக்கிறேன்.

பின்பக்கத் திருகாணியைக் கால் சுற்று.
போய்வர ஒன்பது வினாடி.
இன்னும் அரைக்கால். பதினேழு.
இன்னும் கொஞ்சம் என்ற ஆசையில்
ஒரு பக்கமாகப் போய்ச் சாய்ந்தது,
வரவே இல்லை.
இழுத்து வைத்து, திருகிப் பின்வாங்கி,
இனித் திரும்பாது என்ற இடத்துக்கு
ஒரு மயிர் இப்பால் நிறுத்த
ஐந்து மாதம்.

இந்த ஈயம் எவ்வளவு ஆடும், என்றார் சென்ஹொய்சர்ன்.
ஆடாது, என்றேன்.
சட்டம் ஆடும். தரை ஆடும். நீங்களும் ஆடுவீர்கள்.
அது மட்டும் இருந்த இடத்தில் இருக்கப் பார்க்கும்.
அவர் குனிந்து
தன் சப்பாத்தைப் பார்த்தார்.

பெப்ரவரி, செவ்வாய், பின்னேரம்.
கோட்டில் ஒரு சிலிர்ப்பு.
சிலந்தியா? இல்லை. ரயிலா? நேரம் அது இல்லை.
எண்ணத் தொடங்கினேன்.
முதல் அலைக்கும் இரண்டாவதுக்கும் இடையில்
எவ்வளவு நேரமோ அவ்வளவு தூரம்.
இது எனக்குப் புதிதல்ல;
புறப்படும் சத்தத்துக்கும் விழும் சத்தத்துக்கும் இடையில்
முன்பொரு காலம் எண்ணியிருக்கிறேன்.
அப்போது ஒரு கை விரல்கள் போதும்.
இம்முறை பத்து நிமிடம்.
எங்கோ, வேறொரு கடலின் அடியில்.

பிறகு வந்தன நீள அலைகள்.
விஸ்ப் முழுவதும் மயிரளவு வடக்கே போய்
இருபது வினாடியில் திரும்பி வந்தது,
மீண்டும் போனது.
தபால் பஸ் போனது, பல் வைத்தியரின் நாற்காலி போனது,
இம்போடன் அம்மாவின் கோப்பையும் போய்
ஒரு துளி சிந்தாமல் வந்தது.
ஒரு மணி நேரம்.
கூப்பிட்டுச் சொல்ல வாயெடுத்தேன்.
என்னவென்று சொல்வது?

இவர் தேநீரோடு இறங்கி வந்தார்,
வேறு சட்டியில் கொதிக்கவைத்தது.
கடைசிப் பதினாறு படிகளும் திரையில் விழுந்தன,
அந்தப் பெரிய அலையின் முதுகில்
பதினாறு முட்கள்.

அவற்றைக் கழிக்கவில்லை.